பத்தொன்பது கிலோமீட்டர்

மருதமுனையில் நூஹுவின் வீட்டைத் தேடுகிறவர்களுக்கு ஒழுங்கைப் பெயரோ இலக்கமோ தேவையில்லை. "ஹோலுக்குள்ள பைக் நிக்கிற ஊடு" என்றால் எந்த ஆட்டோக்காரரும் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். மற்ற வீடுகளில் பைக் முற்றத்தில் வெயில் காயும், மழை வந்தால் நனையும். நூஹுவின் வீட்டில் அது நடுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நின்றது. அதற்கு இடம் விட்டுக்கொடுத்து செற்றிகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டன. பெருநாளைக்கு வருகிற விருந்தாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்து, அதற்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் ஒருவரோடு ஒருவர் கதைப்பார்கள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே வரலாம்.

சும்மா பைக் இல்லை. ஜப்பானில் ஒரு கம்பெனி தன் பந்தய அணி தொடங்கி ஐம்பது வருடமான நினைவாக ஐந்நூறே ஐந்நூறு செய்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டது. வெள்ளை உடம்பு, சிவப்பும் பொன்னுமாக ஒரு பட்டி, பொன்நிறச் சில்லுகள். ஹாண்டிலுக்கு நடுவில் ஒரு சின்னத் தகட்டில் 137/500 என்று பொறித்திருந்தது. கூடவே ஒரு பெட்டி வந்தது. அதற்குள் சான்றிதழ், அதே நிறத்தில் ஒரு ஜாக்கெட், முகம் முழுக்க மூடுகிற ஒரு ஹெல்மட், ஜப்பான் பாஷையில் ஒரு புத்தகம். புத்தகத்தின் முதல் பக்கம் எந்தப் பக்கம் என்று தெரியாததால் நூஹு அதை இரண்டு பக்கமிருந்தும் புரட்டி முடித்திருந்தார்.

கொழும்பில் வாகன வியாபாரம் செய்கிற மச்சான் ஒருவர் மூலம் 2019இல் அது கைக்கு வந்தது. அடுத்த வருடம் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து நூஹுவின் நடையிலேயே ஒரு நிதானம் வந்துவிட்டது. கல்முனையில் அவருக்குப் பெயின்ட் கடை. வருகிறவர்களிடம் சுவருக்கு எத்தனை லீட்டர் வேண்டும் என்று கேட்பதற்குள் போனில் பைக்கின் படத்தைக் காட்டிவிடுவார்.

"இதுட மீட்டர்ல எவ்வளவு ஓடியிரிக்கி தெரியுமா? பத்தொன்பது கிலோமீட்டர். சேகரிக்கிற ஆக்கள் முதல்ல பாக்கிறது மீட்டரத்தான். ஓடிட்டா எல்லாம் போச்சு."

அந்தப் பத்தொன்பதில் பதினைந்து துறைமுகத்திலும் களஞ்சியத்திலும் யார் யாரோ ஓடியது. மிச்சம் நாலும் நூஹுவுடையது. கல்முனையில் லொறியால் இறக்கிய அன்று, வீட்டுக்கு ஓடிக்கொண்டு போவோம் என்று ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு ஏறினார். பாண்டிருப்பு வரை சங்கதி சரியாகத்தான் போனது. அங்கே ஒரு பஸ்ஸை முந்த நினைத்துக் கையைக் கொஞ்சம் திருகினார். கொஞ்சம்தான். வண்டி அவருக்குக் கீழே இருந்து பாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது வீதியோரத்தில் குவித்திருந்த குரும்பைக் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் தூரமும் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். கேட்டவர்களிடம், புதிய எஞ்சினைச் சூடாக்கக் கூடாது என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவே இல்லை. ஏன் ஏறுவதில்லை என்ற கேள்விக்கு மீட்டர் என்ற பதில் கைவசம் இருந்ததால் பயம் என்ற பதிலை அவர் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ள நேரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மெல்லிய துணியால் துடைப்பார், ஸ்டாண்டில் வைத்தபடியே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவார், மீட்டரைப் பார்ப்பார். பத்தொன்பது. அல்ஹம்துலில்லாஹ்.

மனைவி சுஹறா இதையெல்லாம் குசினி வாசலில் நின்று பார்ப்பாள். அவள் குடும்பநல மிட்வைஃப். பதினெட்டு வருடமாக ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும் பிறந்த பிள்ளைகளையும் பார்க்கிறவள். பள்ளமும் சேறும் மணலும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

"துடைச்சித் துடைச்சி அதுட நிறம் போகப் போகுது" என்பாள். "எனக்கு இப்பிடி ஒரு நாளாவது முதுகு தேச்சி விட்டீங்களா?"

"நீ என்ன ஐந்நூறுல ஒண்டா?"

"இல்ல. ஒண்டுல ஒண்டு. அதான் மதிப்பில்லாமப் போச்சு."

இரண்டு வருடமாகக் கடையில் ஒரு விசித்திரம் நடந்துவந்தது. நாவிதன்வெளிப் பக்கம் வயல் வைத்திருக்கிற ஒருவர் பெயின்ட் வாங்க வந்த இடத்தில், "என்ன நூஹு காக்கா, காலத்தால கிட்டங்கிப் பாலத்தால பறந்தீங்க. கை காட்டினன், நீங்க காணல்ல" என்றார். நூஹு அந்தக் காலையில் வழமைபோலப் பள்ளிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சுபஹு தொழுத கையோடு உட்கார்ந்து ஏழு மணிவரை அரசியல் பேசிக்கொண்டிருந்தவர். இல்லை, நானில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த மனிதரின் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. ஐம்பதை நெருங்குகிற, வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்த ஒரு பெயின்ட் கடைக்காரருக்கு அப்படியொரு பார்வை தினமும் கிடைப்பதில்லை.

"ஓம்... சும்மா, கொஞ்சம்" என்றார்.

பிறகு பஸ் டிரைவர் ஒருவர் சொன்னார். மீன் வியாபாரி ஒருவர் சொன்னார். நூஹு எல்லோருக்கும் அதே "சும்மா, கொஞ்சம்" என்பதையே சொல்லிவைத்தார். வயல்காரருக்கு ஒரு பைக்குக்கும் மற்ற பைக்குக்கும் என்ன வித்தியாசம் தெரியும், வேறு யாரையோ கண்டிருப்பார்கள் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டார். வாராவாரம் எஞ்சினை ஓடவிட்டும் பெற்றோல் குறையாமல் இருந்ததை ஜப்பான்காரனின் கெட்டித்தனத்தில் சேர்த்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் டொக்டர் பவிதரன் வந்தார். காரைதீவு ஆள், கொழும்பில் வேலை. இப்படியான அபூர்வ வண்டிகளை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்துகிற கழகத்துக்கு அவர்தான் செயலாளர். கழகம் கொழும்பில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறது. அதில் 'தொடாத வண்டி' என்று ஒரு பிரிவு. நூஹு முகநூலில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்த இடத்தில் நேரில் பார்த்துப் பதிவு செய்துகொண்டு போகலாம் என்று அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். பைக்கைக் கண்டதும் செருப்பை வாசலில் கழற்றிய விதத்தைப் பார்த்தே இவர் தன் இனம் என்று நூஹுவுக்கு விளங்கிவிட்டது.

"நூத்தி முப்பத்தேழு" என்று தகட்டை வாசித்தார் டொக்டர். "நூஹு நானா, இத நான் படத்தில மட்டுந்தான் கண்டிருக்கன்."

"மீட்டரப் பாருங்க டொக்டர்."

டொக்டர் மீட்டரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு தரையில் முழங்காலூன்றி போன் வெளிச்சத்தைப் பின் டயரில் அடித்தார். அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார். சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தார். முன்பக்கம் போய் ரேடியேற்றருக்குள் வெளிச்சம் அடித்தார். அதன் இடுக்குகளில் வயல் பூச்சிகள் செத்துக் காய்ந்து ஒட்டியிருந்தன.

"நானா" என்றார் மெதுவாக, "இந்த வண்டி ஐயாயிரமாவது ஓடியிருக்கு."

நூஹு சிரித்தார். டொக்டர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

டொக்டர் சங்கிலிப் பக்கமாகக் கையை விட்டு ஒரு வயரை வெளியே இழுத்துக் காட்டினார். "இதுதான் மீட்டருக்குப் போற வயர். கழட்டி விட்டிருக்கு. முனையில வெள்ளை டேப் சுத்தியிருக்கு பாருங்க. இது நாங்க வார்ட்டில ஊசி குத்தின இடத்துக்கு ஒட்டுற டேப். நல்ல ஐடியாதான், தண்ணி போகாது."

பூட்டிய வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே, கட்டில் துணி போர்த்தி வைத்த வண்டி. கள்ளன் வந்தால் கொண்டு போவான், கொண்டுவந்து திருப்பி வைத்துத் துடைத்துவிட்டா போவான்? நான் இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்ல அவர் மூச்சை இழுத்தார்.

"ஒண்டு மட்டும் சொல்லணும்" என்றார் டொக்டர், டயரின் ஓரத்தைத் தடவிக்கொண்டு. "ஓட்டினவருக்கு நல்ல கை. பாருங்க, ஓரம் வரைக்கும் ஒரே மாதிரித் தேஞ்சிருக்கு. வளைவுகள்ல பயமில்லாமச் சாய்ச்சாத்தான் இப்பிடித் தேயும். எங்கட கழகத்தில பாதிப் பேருக்கு இது வராது. ஒளிக்காதீங்க நானா, நீங்கதானே?"

இழுத்த மூச்சு வேறு வழியால் வெளியே வந்தது.

"ஓம்... சும்மா, கொஞ்சம்" என்றார் நூஹு.

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்த சுஹறா நின்றாள். தட்டில் வட்டிலப்பம் லேசாக ஆடியது. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாக வந்து தட்டை வைத்தாள்.

"ஓம் டொக்டர்" என்றாள். "இவர் கதைக்கிறதப் பாத்தா விளங்காது. ஏறினார் எண்டாப் பறப்பார்."

"அப்ப ஒரு சுத்து எடுங்க நானா. எஞ்சின் சத்தத்தக் கேக்காமப் போனா எனக்கு நித்திரை வராது."

மறுக்க ஒரு காரணம் வேண்டும். ஆறு வருடமாகச் சொல்லிவந்த காரணம் இப்போது டொக்டரின் விரலில் வயராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூஹு உள்ளறைக்குப் போய் ஜாக்கெட்டை எடுத்தார். மாட்டும்போது சுஹறாவின் பவுடர் வாசம் வந்தது. பையில் கையை விட்டார். ஒரு ஹிஜாப் ஊசி, இஞ்சி டொபி சுற்றிய கடதாசி, நாலாக மடித்த ஒரு துண்டு. துண்டில் அவளுடைய சாய்ந்த எழுத்து: 'இரண்டாம் குறுக்கு, மஞ்சள் கேற், பிள்ளைக்கு 9 மாசம், ஊசி.'

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

கிட்டங்கிப் பாலம். பஸ் டிரைவர். மீன் வியாபாரி. ஹெல்மட்டுக்குள் முகம் தெரிந்திருக்காது. இரண்டு வருடமாக ஊரார் தந்த மரியாதையை அவர் சுஹறாவிடமிருந்துதான் கடன் வாங்கி உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறார். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அது வந்து நிற்க இடமில்லாதபடி வெட்கம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்தபோது சுஹறா வாசற்படியில் பலகையைச் சாய்த்து வைத்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து ஒரே அசைவில் இறக்கி, முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அந்த லாவகத்தை டொக்டர் கவனித்தாரோ தெரியாது. நூஹு கவனித்தார். ஒழுங்கையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எதிர் வீட்டு ஹுஸ்னியா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள்.

நூஹு ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். ஸ்டார்ட் செய்தார். கிளச்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவை எஞ்சின் சீறியபோது பாண்டிருப்புக் குரும்பைகள் அத்தனையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சுஹறா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் முகத்தில் கேலி இல்லை. வேண்டாம், இறங்குங்க என்று கண்ணால் சொன்னாள்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி ஹெல்மட்டைக் கழற்றினார்.

"டொக்டர், எனக்கு இது ஏலா" என்றார். "ஓடினது நானில்ல. ஓடுறது எங்கட ஊட்டுக்காரி."

ஒழுங்கையில் யாரோ செருமினார்கள். டொக்டர் சுஹறாவைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், மறுபடியும் சுஹறாவைப் பார்த்தார்.

"அக்காவா?"

"காலத்தால மட்டுந்தான் டொக்டர். செவ்வாயும் சனியும்" என்றாள் சுஹறா. "கடற்கரை ஒழுங்கை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணுற. பெற்றோல் நான்தான் அடிக்கிற."

"அப்ப அந்தப் பெற்றோலும்..." என்று தொடங்கி நூஹு நிறுத்திக்கொண்டார். ஜாக்கெட்டைக் கழற்றி ஹெல்மட்டோடு அவளிடம் நீட்டினார். "எடு புள்ள. டொக்டருக்குச் சத்தம் கேக்கணுமாம்."

அவள் தயங்கினாள். ஒழுங்கையைப் பார்த்தாள். பிறகு அபாயாவை முழங்காலுக்கு மேலே சுருட்டி, கீழே போட்டிருந்த காற்சட்டை தெரிய, ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துவிட்டு ஏறினாள். வண்டி அவளோடு பெரிதாகச் சத்தம் போடாமல் நகர்ந்தது. ஒழுங்கை முனையில் திரும்பியது. பிறகுதான் சத்தம் வந்தது. கடற்கரை வீதியில் தூரப் போய், தேய்ந்து, திரும்பி, பெரிதாகி, அவள் ஒழுங்கை வாசலை வெள்ளையும் சிவப்புமாக ஒரு கோடு போலக் கடந்து போனாள்.

நூஹு வாயைத் திறந்தபடி நின்றார். ஆறு வருடம் துடைத்த வண்டி. அது ஓடுவதை அவர் வெளியில் நின்று பார்த்ததே இல்லை.

"மாஷா அல்லாஹ்" என்றார். வண்டியைச் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை.

டொக்டர் வட்டிலப்பத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். தொடாத வண்டிப் பிரிவில் சேர்க்க வழியில்லை என்றார். ஆனால் அடுத்த மாதம் கழகத்தார் எல்லோரும் பொத்துவில் வரை ஓடுகிறார்கள், அக்கா வந்தால் கழகத்துக்குப் பெருமை என்றார். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் போன பிறகு நூஹு இரண்டு நாள் சுஹறாவோடு கதைக்கவில்லை. சாப்பாடு வந்தால் சாப்பிட்டார், தேத்தண்ணி வந்தால் குடித்தார். மூன்றாம் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு செற்றியில் இருந்துகொண்டு, பைக்குக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மீட்டர் ஓடிடும் எண்டிருப்பீங்க. நீங்க பயம் எண்டு எனக்குச் சொன்னீங்களா?"

நூஹு எட்டி மீட்டர்க் கண்ணாடியை விரலால் துடைத்தார்.

"ஏன் எடுத்தாய், அதையாவது சொல்லு. ஸ்கூட்டர் இரிக்கிதானே."

"ஸ்கூட்டர்ல போனா ரெண்டு நிமிசம் ஓடேலா, ஆராவது மறிப்பாங்க. மிஸ், புள்ளைக்குக் காய்ச்சல். மிஸ், பால் காணாது. மிஸ், மருமகள் சாப்பிடுறாளில்ல. எல்லாம் கேக்கத்தான் வேணும், என்ட வேல. ஆனா ஹெல்மட்டப் போட்டுக்கொண்டு இதுல போனா ஒருத்தருக்கும் என்னத் தெரியா. கிட்டங்கியில ரெண்டு பக்கமும் தண்ணி, முன்னால வயல். ஒருத்தரும் மறிக்க மாட்டாங்க. கை மட்டும் காட்டுவாங்க, நூஹு காக்கா எண்டு நெனச்சி."

"நீ என்ன செய்வாய்?"

"நானும் காட்டுவன். ஒங்கட மரியாதையக் கெடுப்பனா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க மீசையைத் தடவினார். "முதல் தரம் ஏறினப்ப பயமா இரிக்கல்லயா?"

"கால் நடுங்கிச்சு. ரெண்டு தரம் கீழ போட்டன்."

நூஹு எழும்பிவிட்டார். "கீழயா? எந்தப் பக்கம்?"

"இடப் பக்கம். உள்ளங்கை அளவு உரஞ்சிச்சு. பெயின்ட் ஒங்கட கடையிலதான் எடுத்தன். கலியாண ஊட்டுக் கேற்றுக்கு வெள்ளை வேணும் எண்டு உரிஞ்ச பெயின்ட் துண்டு ஒண்டக் காட்டினனே, நீங்கதானே பாத்துப் பாத்துக் கலந்து தந்தீங்க."

அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வந்து இடப் பக்கத்தில் குந்தினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மூக்கு முட்டுமளவுக்குத் தேடினார். கையால் தடவினார். கால் மணி நேரம் ஆனது. அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்க புள்ள?"

"சொல்ல மாட்டன்."

"நல்லாத்தான் கலந்திரிக்கன்" என்றார் அவர், தனக்குள்.

பொத்துவில் ஓட்டத்துக்கு இருவரும் போனார்கள். அந்த வண்டியில் பின்னால் இருக்கிறவருக்கு என்று ஜப்பான்காரன் வைத்திருந்தது உள்ளங்கை அளவு ஒரு துண்டு. நூஹு அதில் ஏறி, முழங்கால் நெஞ்சில் இடிக்க, இரண்டு கையாலும் சுஹறாவின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டார். அக்கரைப்பற்று வரை யாசீன் ஓதினார். திருக்கோவில் கழிந்த பிறகு கண்ணைத் திறந்தார். கடல் ஒரு பக்கம் வருவதும் மறைவதுமாக இருந்தது. முன்னாலும் பின்னாலும் பத்துப் பதினைந்து வண்டிகள். வளைவுகளில் அவள் சாய்ந்தபோது முதலில் மறுபக்கம் சாய்ந்தார். அவள் முழங்கையால் ஒரு இடி கொடுத்த பிறகு சேர்ந்து சாயப் பழகினார்.

கோமாரியில் செவ்விளநீர் குடிக்க நிறுத்தினார்கள். நூஹுவால் காலை நிமிர்த்த முடியவில்லை. இரண்டு கழகத்தார் பிடித்து இறக்கிவிட்டார்கள். வேலி ஓரத்தில் நின்று முழங்காலை நீவிக்கொண்டிருந்தவரிடம் சுஹறா இளநீரை நீட்டினாள்.

"இனிப் பொத்துவில் கொஞ்சத் தூரந்தான். ஏலாட்டி நீங்க பின்னால பஸ்ஸுல வாங்க, நான் பஸ் ஸ்டாண்டில நிக்கிறன்."

நூஹு இளநீரைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்தார். வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டுதான் இருந்தது.

"இந்த நேரத்துல பஸ் வராது" என்று சொல்லிவிட்டு ஹெல்மட்டை மாட்டிக்கொண்டார்.